ஓட ஓட மாடி இறங்கிய ரத்த வங்கி

எட்வின் வெறுங்காலோடு என் மேஜை முன்னால் வந்து நின்றார். சர்வர் அடுக்கும் ரேக் இடுக்கில் செருகி வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று அவர் கையில் இருந்தது. அதை என் கீபோர்டின் மேலேயே வைத்தார்.

“மேடம், இத்தப் பாருங்க.”

முப்பத்தி நாலு காட்டியது. எங்கள் சர்வர் ஹால்களில் இருபத்திரண்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

“மேல் ஹாலா?”

“மேல் ஹால்தான். ஒரு ஏசிய சர்வீசுக்குப் பிரிச்சுப் போட்டுக் கீறோமே. இன்னொண்ணு காத்தால வரைக்கும் ஒயுங்காத்தான் ஓடிகினு இருந்துச்சு. இப்ப கா மணி நேரமா ஆன் பண்ணா ரெண்டு நிமிசம் ஓடுது, நின்னுடுது. மொட்ட மாடி யூனிட்ல கை வைக்க முடியல.”

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த வாரம். பகல் பதினொன்று, பதினொன்றரை இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்த நேரத்துக்கு வெளியே போனால், எதிர்ச் சாரி ரப்பர் பட்டறையின் வாடையும் சூடான தாரின் வாடையும் சேர்ந்து மூக்கில் அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் எங்களுக்கு அது தெரியாது. வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு எழுந்தேன்.

எட்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்தாபுதுப்பேட்டைக்காரர், என் வயதுதான். எங்கள் டேட்டா சென்டரின் கரண்ட், ஜெனரேட்டர், ஏசி எல்லாம் அவர் பொறுப்பு. மெஷின்களுக்குள் என்ன ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. “நீங்க உள்ள பாருங்க, நான் வெளிய பாக்கறேன்” என்பார். ஆனால் கதவைத் திறந்தவுடன் சத்தத்தை வைத்தே எந்த ரேக்கில் காற்று குறைகிறது என்று சொல்லிவிடுவார்.

அன்றைக்கு எனக்கே கேட்டது. மேல் ஹால் கதவைத் திறந்ததும், நூற்றுக்கணக்கான சின்ன விசிறிகள் வேகம் கூட்டிக்கொண்டு கத்தின. சூடு ஏறினால் மெஷின்கள் தம் விசிறிகளை வேகமாகச் சுற்றவிடும். அது ஒரு கட்டம் வரைதான். அதற்கு மேலும் ஏறினால் தம்மைத் தாமே அணைத்துக்கொள்ளும். யாரையும் கேட்காது.

ஒரு மெஷின், ஒன்பது குடித்தனம்

இந்தத் தொடரில் இதுவரை நான் கல்லூரி, ஹாஸ்டல், கல்யாணம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ‘நீங்கள் என்ன வேலைதான் பார்க்கிறீர்கள், அதைச் சொல்லவே இல்லையே’ என்று ஆவடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். கேள்வி நியாயம்தான். என் கணவருக்கே கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

பெரிய சர்வர் ஒன்று, ஆள் உயர பீரோ மாதிரி. அதன் உள்ளே ஏகப்பட்ட பிராசஸர், ஏகப்பட்ட மெமரி. அவ்வளவையும் ஒரே ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தால் பாதி சும்மா கிடக்கும். அதனால் அதைப் பல பாகமாகப் பிரிப்போம். ஒவ்வொரு பாகத்துக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன் என்று பெயர். சுவர் எழுப்பிப் பிரிப்பதில்லை, எல்லாம் கணக்கில்தான். ஆனால் ஒவ்வொரு பார்ட்டிஷனும் தன்னை ஒரு முழு மெஷின் என்றே நினைத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொருவர் இருப்பது அதற்குத் தெரியாது.

யாருக்கு எவ்வளவு என்பதைக் கன்சோல் என்ற தனித் திரையில் உட்கார்ந்து நிர்ணயிப்பது என் வேலை. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் மூன்று எண்கள் உண்டு. இதற்குக் கீழே போனால் உயிரோடு இருக்காது என்பது ஒன்று, வழக்கமாக வேண்டியது ஒன்று, எவ்வளவு கேட்டாலும் இதற்கு மேல் கிடையாது என்பது ஒன்று. ஒருவர் சும்மா இருக்கும்போது அவருடைய பிராசஸரை அடுத்தவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா. இருவரும் ஒரே சமயத்தில் கேட்டால் யாருக்கு முதலில். எல்லாவற்றுக்கும் ஒரு செட்டிங் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை, ஓடிக்கொண்டிருந்த ஒரு பார்ட்டிஷனுக்கு மெமரியைக் கூட்டிக் கொடுத்தேன். உடனே வேகம் பிடித்தது. பாராட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆனால் கூட்டியதை அதன் ப்ரொஃபைலில் எழுதிவைக்க மறந்துவிட்டேன். ப்ரொஃபைல் என்பது அந்தப் பார்ட்டிஷனின் குறிப்பேடு. அணைத்துத் திரும்பப் போட்டால் அதைப் பார்த்துத்தான் எழுந்திருக்கும். ஒன்றரை மாதம் கழித்து யாரோ ரீஸ்டார்ட் செய்ய, அது பழைய குறைந்த மெமரியோடு எழுந்து உட்கார்ந்தது. மறுநாள் காலை ஒரு பெரிய கடையின் முப்பது கிளைகளிலும் பில் போட ஆள்கள் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு நான் அழுததைப் பெண்கள் கழிவறையின் மூன்றாவது கதவு மட்டும்தான் பார்த்தது.

சதாசிவம் சார் கேட்ட பாகப்பிரிவினை

வேறொன்றும் ஞாபகம் வருகிறது. ஊரடங்கு நாட்களில் கொரட்டூர் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். பால்கனியில்தான் சிக்னல் கிடைக்கும். கீழ் வீட்டில் சதாசிவம் என்று ஒருவர், பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாலை வேளையில் தன் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

நான் போனில் கத்திக்கொண்டிருப்பேன். “அவனுக்குப் பதினாறு போதும், எடுத்து இவனுக்குக் கொடுங்க. மீதி எட்டையும் யாருக்கும் கொடுக்காதீங்க, பார்ட்டிஷன் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்.”

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் முகக்கவசத்தோடு படியேறி வந்து கதவைத் தட்டினார். என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, தப்பா நினைக்கக்கூடாது. உங்க மாமனார் வீட்டுப் பாகப்பிரிவினைல மேடம் ரொம்பக் கோபமாப் பேசறாங்க. பதினாறு கிரவுண்டா, பதினாறு சென்ட்டா தெரியல. எதுவானாலும் எல்லாரும் சேந்து ஒரே நாள்ல கையெழுத்துப் போடறதுதான் நல்லது. நான் வேணா டிராஃப்ட் எழுதித் தரேன்” என்றார்.

என் அப்பாவுக்கு விருதுநகரில் இருந்ததே ஒரு வாடகை வீடுதான். கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடிவிட, நான்தான் அவருக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஆக, இடத்தையும் பிரிக்கலாம், பிரிச்சப்புறம் ஆளையும் மாத்தலாம், சுவரே கிடையாது. எங்க ஆபீஸ்ல இப்படி இருந்திருந்தா எனக்கு வேலையே இருந்திருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் போக வேண்டியது

அக்னி நட்சத்திரப் பகலுக்கு வருகிறேன்.

மேல் ஹாலில் ஒரு பெரிய மெஷின். அதில் ஒன்பது பார்ட்டிஷன்கள். கீழ்த்தளத்தில் இன்னொரு ஹால், அதே மாதிரி இன்னொரு மெஷின். கீழே ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனை நிறுத்தாமலே ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதி எங்களிடம் உண்டு. அதன் மெமரியில் இருப்பதையெல்லாம் நெட்வொர்க் வழியே கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கம் அனுப்பி, கடைசியில் ஒரு கணம் மட்டும் இங்கே நிறுத்தி அங்கே தொடங்கிவிடும். வேலை செய்துகொண்டிருப்பவருக்கு ஒரு கண் சிமிட்டல்கூடத் தெரியக்கூடாது. பரீட்சார்த்தமாக ஞாயிற்றுக்கிழமைகளில் செய்திருக்கிறோம். வேலை நாளில், நடுப்பகலில், ஒன்பதையும் மாற்றியதில்லை.

எங்கள் மேனேஜர் பாஸ்கர் சார் ஹாலுக்கு ஓடி வந்தார். திருச்சிக்காரர், பதற்றம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

“மலர், கீழ எல்லாத்துக்கும் இடம் இருக்கா?”

“கீழ இருக்கற டெஸ்ட் பார்ட்டிஷன் நாலையும் அணைச்சா இருக்கு சார்.”

“அணைங்க. கத்துறவங்க எங்கிட்ட கத்தட்டும்.”

அணைத்தேன். இரண்டாவது நிமிடமே அவர் போன் அடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஒன்பதில் முதலில் போக வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூந்தமல்லி பக்கத்து மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கி. எந்த ஃப்ரிட்ஜில், எந்தத் தட்டில், எந்த வகை ரத்தம் எத்தனை பை, யாருக்குப் பொருத்தம் பார்த்திருக்கிறது, எல்லாம் அந்தப் பார்ட்டிஷனுக்குள்.

மாற்றுவதற்கு முன் மாற்ற முடியுமா என்று கன்சோலே ஒரு சோதனை செய்யும். பொத்தானை அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: முடியாது.

மற்ற எட்டுக்கும் சோதித்தேன். எட்டும் தேறின.

நின்று யோசிக்க நேரமில்லை. எட்டையும் இரண்டு இரண்டாக அனுப்பத் தொடங்கிவிட்டு, ரத்த வங்கிக்கு என்ன தடை என்று தேடினேன். முதலில் போக வேண்டியது கடைசியில் நின்றது.

வெப்பமானி முப்பத்தி ஏழு.

என் பெயர்

இதற்கிடையில் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். ரத்த வங்கிப் பொறுப்பாளர் மெர்சி மேடத்தோடு நான் போனில் பலமுறை பேசியிருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. ஐம்பதை நெருங்கியவர் என்று குரலில் தெரியும். பேச்சுக்கு நடுவில் யாரையாவது “இரு இரு, பேசிகினு கீறேன்ல” என்று அதட்டுவார்.

“மேடம், இங்க ஏசில பிரச்சினை. உங்க சிஸ்டத்தை அரை மணி நேரம் நிறுத்த வேண்டி வரலாம். வராமலும் போகலாம்.”

“ஐயோ, இப்பவாமா?” குரல் தாழ்ந்தது. “ஒரு டெலிவரி கேஸு. தியேட்டர்ல கீறாங்க. ரத்தம் நிக்கலன்னு ரெண்டு பை அனுப்பிட்டேன். இன்னும் கேப்பாங்க. கையால எழுதி அனுப்ப நோட்டு கீது. ஆனா எந்தப் பை எங்க கீதுன்னு தேடி எடுக்கணுமே. பொருத்தம் பாத்தது இன்னா, பாக்காதது இன்னா, எல்லாம் அதுக்குள்ள இல்ல கீது?”

“இப்பவே மொத்த லிஸ்ட்டையும் பிரின்ட் எடுத்து வெச்சுக்கோங்க மேடம். நின்னுபோனாலும் அதை வெச்சுச் சமாளிக்கலாம்.”

“எடுக்கறேன். நீ நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லுமா.”

போனை வைத்தேன். திரையைப் பார்த்தேன்.

தடை எதுவென்று கிடைத்துவிட்டது. போன வாரம் ஒரு அப்டேட் போடுவதற்காக, சிடி ஒன்றின் நகல் அந்தப் பார்ட்டிஷனுக்கு மாட்டப்பட்டிருந்தது. நிஜ சிடி இல்லை, அதன் நகல் ஃபைல். ஆனால் அது மேல் மெஷினைச் சேர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கீழே போக முடியாது. வேலை முடிந்ததும் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை.

இப்போது கழற்றலாம் என்று கட்டளை கொடுத்தேன். உபயோகத்தில் இருக்கிறது, கழற்ற முடியாது என்றது.

யார் உபயோகிக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு பெயர் வந்தது.

மலர்விழி.

ஆறு நாளாக நான்தான் அதற்குள் இருந்திருக்கிறேன். அப்டேட் முடிந்து, ஜன்னலைச் சின்னதாக்கிவிட்டு, வேறு வேலைக்குப் போய், வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மாமியாரோடு பாடியில் உள்ள ஜவுளிக்கடைக்குப் போய்ப் புடவை எடுத்து, அவ்வளவு நாளும் அந்த சிடிக்குள் என் பெயர் உட்கார்ந்தே இருந்திருக்கிறது.

முதலில் வந்தது வெட்கம். அதற்குப் பின்னால் ஒரு நிம்மதியும் வந்தது, அதை மறைப்பானேன். வேறு யாராவது என்றால் என்ன செய்துகொண்டிருந்தார்கள், நடுவில் துண்டித்தால் என்ன கெடும் என்று கேட்டு அலைய வேண்டும். என்னை நானே எழுப்பி வெளியே அனுப்புவதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

ஆனாலும் உடனே துண்டிக்கவில்லை. அந்தப் பழைய ஜன்னலைத் தேடித் திறந்தேன். அப்டேட் முழுக்க முடிந்து, கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. வெளியேறும் கட்டளையை அடித்தேன். சிடி கழன்றது. அதை மாட்டியிருந்த பொய்யான டிரைவையும் எடுத்தேன். சோதனைப் பொத்தானைத் திரும்ப அழுத்தினேன்.

பச்சை.

பத்து நிமிடம்

பாஸ்கர் சார் திரும்பி வந்தபோது ஆறு பார்ட்டிஷன்கள் கீழே போயிருந்தன. இரண்டு போய்க்கொண்டிருந்தன. வெப்பமானி முப்பத்தி ஒன்பது.

“ரத்த வங்கி என்னாச்சு?”

“தடை என்னால வந்தது சார். போன வாரம் சிடியைக் கழட்டாம விட்டுட்டேன். இப்பக் கழட்டிட்டேன். இந்த ரெண்டு முடிஞ்சதும் அனுப்பலாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வேண்டாம் மலர். முறையா நிறுத்திடலாம். நிறுத்தி, கீழ எழுப்பலாம். மெஷின் தானா அணைஞ்சா டேட்டாபேஸ் போயிடும். அப்ப அரை மணி இல்ல, ரெண்டு நாளாகும்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் இடத்தில் வேறு நாளில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் காதில் மெர்சி மேடத்தின் குரல் இருந்தது.

எட்வினுக்குப் போன் செய்தேன். மொட்டை மாடியில் இருந்தார். தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

“எட்வின், எனக்கு எவ்வளவு நேரம் தர முடியும்?”

“யூனிட் மேல ஓஸ் பைப்ல தண்ணி அட்ச்சிகினு கீறேன் மேடம். தண்ணி அடிக்க அடிக்க ஓடுது. விட்டா நிக்குது. டேங்க்ல தண்ணி கொஞ்சம்தான் கீது. பத்து நிமிசம் கேளுங்க, குட்த்துடறேன். பாஞ்சு கேக்காதீங்க.”

அந்தப் பார்ட்டிஷனின் மெமரி அளவும் நெட்வொர்க்கின் வேகமும் எனக்குத் தெரியும். மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம். அதுவும் மற்ற இரண்டும் முடிந்த பிறகு, முழுப் பாதையும் இதற்கே கிடைத்தால்.

“சார், நாற்பத்தி ரெண்டு தொட்டா நானே நிறுத்திடறேன். முறையா நிறுத்த மூணு நிமிஷம் போதும். அது வரைக்கும் அனுப்பிப் பாக்கறேன்.”

அவர் வெப்பமானியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொண்டார். “நான் இதைப் பாத்துக்கறேன். நீங்க அதைப் பாருங்க.”

எட்டாவதும் இறங்கியது. ரத்த வங்கியை அனுப்பினேன்.

அந்த ஒன்பது நிமிடங்களில் செய்வதற்கு எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம். திரையில் சதவீதம் ஏறும். சில சமயம் ஒரே எண்ணில் நின்றுகொள்ளும். ஏனென்றால் அங்கே யாரோ வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். மெமரியில் அனுப்பிய பகுதி அனுப்பியபின் மாறிவிடும். மாறியதைத் திரும்ப அனுப்ப வேண்டும். அறுபத்தி மூன்றில் நின்றது. மெர்சி மேடம் பை எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அறுபத்தி நாலானது.

பாஸ்கர் சார் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். “முப்பத்தி ஒன்பது. முப்பத்தி ஒன்பது. நாற்பது.” கொஞ்சம் கழித்து, “முப்பத்தி ஒன்பது” என்றார். தண்ணீர் வேலை செய்கிறது.

காலி செய்த பாகங்களின் வேலை இல்லாததால் மெஷினும் கொஞ்சம் ஆறத் தொடங்கியிருந்தது. எண்பது. எண்பத்தி எட்டு. விசிறிச் சத்தத்தில் என் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. தொண்ணூற்றி ஒன்பதில் நின்றது. அந்த ஒரு எண்ணில் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு வரி மறைந்தது. பதறிப்போய் கீழ் மெஷினின் பட்டியலைத் திறந்தேன். ஒன்பதாவது வரியில் ரத்த வங்கி. பக்கத்தில், ஓடுகிறது என்ற ஒற்றைச் சொல்.

காலியாகிவிட்ட மேல் மெஷினை அணைத்தேன். விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுருதி இறங்கி நின்றன. ஹாலில் மற்ற ரேக்குகளின் இரைச்சல் மட்டும் மிச்சம். பாஸ்கர் சார் வெப்பமானியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “காபி குடிக்கலாமா?” என்றார். நாற்பது டிகிரியில் காபி. நாங்கள் இருவரும் அதைக் குடித்தோம்.

மெர்சி மேடத்துக்குப் போன் போட்டேன்.

“சொல்லுமா, நிறுத்தப் போறியா? லிஸ்ட்டு பிரின்ட் எடுத்து வெச்சுட்டேன்.”

“இல்ல மேடம். நிறுத்த வேண்டியதில்ல. மாத்தி முடிச்சுட்டோம்.”

“எப்ப மாத்தினீங்க? நான் அதுலதானே வேல பாத்துகினு கீறேன்?”

“அந்தம்மா எப்படி இருக்காங்க மேடம்?”

“நாலாவது பையோட ரத்தம் நின்னுடுச்சு. பொண்ணு கொழந்த. இப்பதான் நர்ஸு வந்து சொல்லிட்டுப் போனா.”

மோர்

எட்வின் இறங்கி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. நடை வேறு மாதிரி இருந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஹால் வாசலில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர், அப்படியே மொட்டை மாடிக்கு ஓடியிருக்கிறார். அக்னி நட்சத்திர மத்தியானத்தில், வெறுங்காலோடு, சிமென்ட் தளத்தில்.

“தண்ணி பட்ட எடத்துல நின்னுகினேன் மேடம். பைப்பத் தொறக்கப் போறதுக்குள்ளதான் பேஜாராப் போச்சு.”

உள்ளங்கால்கள் இரண்டிலும் கொப்புளம். கேன்டீன் அக்கா ஒரு பக்கெட் தண்ணீரும், ஒரு சொம்பு மோரும் கொண்டுவந்து வைத்தார். காலைப் பக்கெட்டில் விட்டுக்கொண்டு மோரைக் குடித்த எட்வின், கண்ணை மூடி, “ஆண்டவரே” என்றார். அது ஜெபமா, மோருக்கான பாராட்டா என்று தெரியவில்லை.

அவர் வீட்டிலிருந்து வந்த இறால் தொக்கை அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டோம். அவ்வளவு ருசியான மத்தியானச் சாப்பாடு எனக்கு ஞாபகமில்லை. மூன்று மணிக்கு ஏசி கம்பெனி ஆள் மொட்டை மாடி யூனிட்டுக்குப் புது மோட்டாரோடு வந்தார். நாலரைக்கு நான் திரும்ப ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன்.

அறிக்கை

நடந்ததை எழுதி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்ப வேண்டும். அறிக்கையை நான் எழுதினேன். ‘முந்தைய பராமரிப்பின்போது நான் மாட்டிய சிடி நகலை அகற்றாமல் விட்டதால் ரத்த வங்கியின் மாற்றம் தாமதமானது’ என்று எழுதினேன்.

பாஸ்கர் சார் படித்துவிட்டு, “‘நான்’ வேண்டாமே. ‘ஒரு யூசர் செஷன்’னு போட்டாப் போதும். பொய் இல்லையே” என்றார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்.

அந்த வரியைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது கதவுக்குப் பின்னால் அழுத பெண்ணாக இருந்தால் மாற்றியிருப்பேன்.

“இருக்கட்டும் சார். யாருன்னு தெரிஞ்சாதான் அவங்க கேள்வி கேக்க முடியும்.”

அனுப்பிவிட்டு மூன்று நாள் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். நாலாவது நாள் மருத்துவமனையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இனிமேல் மாதம் ஒருமுறை, மாற்ற முடியுமா என்று பார்க்கும் அந்தச் சோதனையைச் செய்து, தேறியதா இல்லையா என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அது நாங்களே முன்பே செய்திருக்க வேண்டிய காரியம். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை செய்கிறேன். இதுவரை இரண்டு முறை சிவப்பு வந்திருக்கிறது. இரண்டு முறையும் காரணம் நான் இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

மெர்சி மேடம் கேட்டது

அதே வாரம் மெர்சி மேடமும் போன் செய்தார்.

“நீ எழுதனதப் படிச்சேன்மா. நீதானா அது?”

“நான்தான் மேடம். மன்னிச்சுடுங்க.”

“ஏன்மா, நான் ஒருவாட்டி ஃப்ரிட்ஜுக் கதவ ஒயுங்காச் சாத்தாமப் போய்ட்டேன். இருவது பை வீணாப் போச்சு. எங்க ஊட்ல கூட இத்தச் சொன்னதில்ல.” பிறகு, “ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு மாத்துனத நான் பாக்கவே இல்ல. அடுத்தவாட்டி மாத்தறப்ப சொல்றியா? பாக்கணும்.”

“பாக்க ஒண்ணுமே இருக்காது மேடம்.”

“அதான். அத்தப் பாக்கணும்.”

ஆடி மாதத்தில் மேல் ஹாலுக்குப் புது ஏசி இரண்டு வந்தன. எட்வின் ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்து, “இப்ப தைரியமா ஏத்திக்கலாம் மேடம்” என்று சொன்னார். ரத்த வங்கியைத் திரும்ப மாடிக்கு ஏற்ற வேண்டும். பகல் பதினோரு மணிக்கு மெர்சி மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, காலையில் வந்த ரத்தப் பைகளைப் பதிவு செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு பையின் எண்ணையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடிப்பது அவர் வழக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பி பாசிட்டிவ், இத்தனையாவது நம்பர். ஏ பாசிட்டிவ், இத்தனையாவது நம்பர். நடுவில் யாரையோ, “தள்ளி வை, தள்ளி வை” என்று அதட்டினார்.

நான் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். “இன்னாமா, ஆரம்பிச்சியா இல்லியா?”

“முடிஞ்சுடுச்சு மேடம்.”

“எப்ப?”

“இப்ப ஒரு ஓ நெகட்டிவ் பை படிச்சீங்களே, அப்போ.”

மறுமுனையில் கீபோர்டு சத்தம் நின்றது. அந்தப் பையை அவர் திரும்ப எடுத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

“இங்க ஒண்ணும் ஆவலியேமா” என்றார்.

“ஆகக் கூடாது மேடம்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, அடுத்த பையின் எண்ணைப் படிக்கத் தொடங்கினார்.